எனக்குத் தெரியாத இந்தி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலை ஒன்றில் எனக்கு எடைமேடை வேலை. வாசலிலேயே மேடை, பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. லாரி மேடையில் ஏறி நின்றதும் வெளியே ஒரு பெரிய பலகையில் எடை சிவப்பு எண்களாக எரியும். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் முன்னால் இருக்கும் தடுப்புக் கட்டை மேலே எழும்பும். ஆலைக்குள் போகவும் வரவும் அந்த மேடையை விட்டால் வேறு வழி கிடையாது.

லாரிகள் நெல்லூரிலிருந்து வரும், ஒடிசாவிலிருந்து வரும், இன்னும் எங்கெங்கிருந்தோ வரும். ஓட்டுகிறவர்களோடு பேச ஒவ்வொரு மொழியிலும் எனக்கு நான்கு வார்த்தை தெரியும்: முன்னால் வா, பின்னால் போ, நிறுத்து, இறங்கு. அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். அதுவும் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தகராறுதான் என்று என் மனைவி சொல்வாள். அவள் என் வகுப்பில் படித்தவள் என்பதால் மறுத்துப் பேச வழியில்லை.

எங்கள் வீடு ஆரணியில். வேலூர்ப் பக்கத்து ஆரணி இல்லை, பொன்னேரிப் பக்கத்து ஆரணி. மனைவி வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். நான் பைக்கில் வேலைக்குப் போய் வருவேன். ஆலையில் ஒருமுறை மருத்துவ முகாம் நடத்தியபோது எனக்கு ரத்த அழுத்தம் ஏகத்துக்கும் இருப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தினமும் ஒன்று என்றார்கள். நான் அதைத் தலைவலி மாத்திரை மாதிரி புரிந்துகொண்டேன். தலை வலித்தால் போட்டேன். எனக்குத் தலை அதிகம் வலிக்காது. ஆகவே ஒரு அட்டை மாத்திரை வெகுநாள் வந்தது. அந்தச் சிக்கனத்தில் எனக்குப் பெருமை கூட இருந்தது.

அந்த வருடம் ஆலைக்குப் புதிதாக ஒரு ஹெச்.ஆர். மேனேஜர் வந்திருந்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவர், ஆனால் எப்போதும் ஏதாவது ஒரு திட்டம் வைத்திருப்பார். ஆலையில் பாதிப்பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள், அவர்களோடு நாம் அவர்கள் மொழியில் பேச வேண்டும் என்பது அவருடைய அப்போதைய திட்டம். கேன்டீனில் ஒரு பலகை மாட்டி தினம் ஒரு இந்தி வாக்கியம் எழுதி வைத்தார். வாரம் ஒருமுறை மதியம் வகுப்பும் நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் பஜ்ஜி முதலில் வந்தது. அதனால் நான் ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை. வாக்கியங்களில் ஒன்றுகூட மண்டையில் நிற்கவில்லை.

அன்று காலை வீட்டில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும். சட்னியில் உப்பு போதவில்லை என்று நான் மனைவியோடு சண்டை போட்டேன். உப்பை எடுத்து மேலே தூவிக்கொண்டேன். பைக்கில் கிளம்பினேன். கவரைப்பேட்டை தாண்டும் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஆலைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, வழக்கம்போல ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு டீ சொன்னேன். கண்ணாடி கிளாஸ் என் வலது கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கடைக்காரர் திட்டவில்லை.

"இன்னா நைனா, காலைலயே கை நடுங்குது? ஊட்ல பேஜாரா?" என்று சிரித்துவிட்டு வேறு டீ கொடுத்தார். அதைக் குடிக்கும்போது வாயின் வலது ஓரமாக டீ ஒழுகிச் சட்டையில் விழுந்தது. பைக் ஹேண்டில் அதிர்ந்து அதிர்ந்து கை மரத்துப்போயிருக்கிறது என்று நினைத்தேன். வாய் ஏன் மரத்தது என்று யோசிக்கவில்லை. துடைத்துக்கொண்டு முகக்கவசத்தை மாட்டினேன். எங்கள் வாசலில் இரும்புத் தூசி பறந்துகொண்டே இருக்கும், அது இல்லாமல் உட்கார முடியாது.

முதல் லாரி சூலூர்பேட்டைக்காரருடையது. மேடையில் கொஞ்சம் பின்னால் நின்றிருந்தது. நான் கண்ணாடியைத் திறந்து, இன்னும் கொஞ்சம் முன்னே வாங்க என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் இன்றைக்கும் எனக்கு நினைவு. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "எனக்கு இந்தி சுமாராத்தான் வரும் சார், தமிழ்ல சொல்லுங்க" என்றார். தமிழில்தானே சொன்னேன் என்று திரும்பவும் சொன்னேன். அவர் குழம்பிப்போய், என் கையைப் பார்த்து வண்டியை நகர்த்தினார்.

வாசலில் நிற்கும் காவலாளி பீகார்க்காரர். அவரிடம் நான் ஏதோ கேட்டேன், பேனா கொடு என்றோ என்னவோ. அவர் மரியாதையாகச் சிரித்து, தனக்குத் தெரிந்த தமிழில், "சார், மெதுவா தமிழ் பேசுது. வேகம் எனக்குப் புரியாது" என்றார்.

இப்படி ஒருவர் இந்தி என்கிறார், ஒருவர் தமிழ் என்கிறார். இரண்டு பேருக்கும் காது கேட்கவில்லை என்று முடிவு செய்தேன். ஆலைச் சத்தத்தில் பலருக்கும் காது போய்விடும், இது எங்கள் ஊரில் சகஜம்.

அந்த நேரத்தில்தான் ஹெச்.ஆர். மேனேஜர் உள்ளே வர, நான் எழுந்து வணக்கம் சொன்னேன். இரவு மழை பெய்ததையும் லாரிகள் தாமதமாவதையும் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். அவர் நின்றுவிட்டார். முகம் மலர்ந்தது. என் தோளில் தட்டினார்.

"அடடா! பின்னாடி வரிசைல உக்காந்து பஜ்ஜிதான் சாப்புடுறார்னு நெனச்சேன். இவ்ளோ சரளமா கத்துக்கிட்டீங்களே! எனக்கே புரியல, அவ்ளோ வேகம்!"

நான் இல்லை சார் என்று மறுத்தேன். மறுப்பும் சரளமாக இருந்திருக்கிறது. அவர் இன்னும் சந்தோஷப்பட்டார்.

அன்று ஒடிசாவிலிருந்து புதிதாக ஒரு குழு வேலைக்கு வந்திருந்தது. அவர்களுக்குப் பாதுகாப்பு விதிகளைச் சொல்ல வேண்டும். வழக்கமாக அதைச் சொல்கிறவர் விடுப்பில் இருந்தார். மேனேஜர் என் கையைப் பிடித்து, "வாங்க, நீங்களே பேசுங்க, ரெண்டே நிமிஷம்" என்று அழைத்துப்போனார். சூலூர்பேட்டை லாரி மேடைமேலேயே நின்றது. என் அறைக் கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக்கொண்டது.

கொட்டகையில் புது ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். எனக்கு மேடைக் கூச்சம் உண்டு, ஆனால் அன்று துளியும் இல்லை. தலைக்கவசத்தை இடது கையால் தூக்கிக் காட்டினேன். வலது கை என்னவோ சோம்பேறித்தனமாக இருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன். இரும்பு விழுந்தால் தலை போய்விடும், தலை போனால் குடும்பம் போய்விடும், ஆகவே தொப்பியைக் கழற்றாதீர்கள் என்று உருக்கமாகப் பேசினேன். இதுதான் நான் பேசியது என்று சத்தியம் செய்வேன். வீடியோவில் வேறு இருக்கிறது. "கரமா தொப்பீல வைங்கலா, தீலு மேச்சு படாத்தி, படாத்தி இல்லேன்னா சோம்லா" என்று நான் விரலை ஆட்டி எச்சரிக்கிறேன்.

புது ஆட்கள் அதைத் தமிழ் என்று நினைத்தார்கள். ஊருக்கு வந்த முதல் நாளே உள்ளூர்க்காரர் இவ்வளவு பாசமாகப் பேசுகிறாரே என்று தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். பின்னால் நின்ற எங்கள் தமிழ் ஆட்கள் அதை ஒடியா என்றோ இந்தி என்றோ நினைத்து வாயைப் பிளந்து நின்றார்கள். புது ஆட்களில் ஒருவர் கையைத் தூக்கித் தன் மொழியில் ஒரு கேள்வி கேட்டார். நான் விரிவாகப் பதில் சொன்னேன். அவர் திருப்தியாக உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

கண்ணாடி அறைக்குத் திரும்பி வரும்போது கால் கொஞ்சம் இழுத்தது. செருப்பு வார் அறுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்போது மனைவியிடமிருந்து போன்.

"வரும்போது கவரப்பேட்டைல உளுந்து வாங்கினு வா. இங்க சுத்தமா இல்ல" என்றாள்.

சரி, எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன்.

"இன்னாது?"

மறுபடியும் கேட்டேன்.

அவள் குரல் மாறியது. "யோவ், காலங்காத்தால குடிச்சிக்கினு கீறியா? விட்டுட்டேன்னு சொன்னல்ல? புள்ள தலைல அடிச்சி சத்தியம் பண்ணல்ல?"

நான் கோபமாகப் பதில் சொன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன். பாதியில் அவள், "பக்கத்துல யார்னா இருந்தா போனக் குடு" என்று கத்தினாள். பக்கத்தில் எடைக்காகக் காத்துக் காத்து அலுத்துப்போய் வந்து நின்ற சூலூர்பேட்டை ஓட்டுநர்தான் இருந்தார். அவரிடம் போனை நீட்டினேன். அது ஸ்பீக்கரில் இருந்தது.

"அண்ணே, எங்க ஊட்டுக்காரரு குடிச்சிகினு கீறாரா? உண்மையச் சொல்லு."

"லேதம்மா. வாசனயே இல்ல. நல்லாத்தான் நின்னுகினு கீறாரு. ஆனா பாஷதான் புரியல. தெலுங்கு இல்ல, இந்தி இல்ல. நான் கல்கத்தா வரைக்கும் வண்டி ஓட்டிக்கினு போயிருக்கேன், அங்கயும் இந்த பாஷய நான் கேட்டதில்ல."

அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"எந்த பாஷண்ணே? அந்தாளுக்குத் தமிழ வுட்டா ஒண்ணும் தெரியாது."

ஓட்டுநர் என்னையே பார்த்தார்.

மனைவிக்கு ஏன் சந்தேகம் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சில வாரங்களுக்கு முன்னால், வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியர் எங்கள் தெருப் பெண்களை எல்லாம் மாவு வாங்க வந்த இடத்திலேயே நிறுத்தி, பக்கவாதம் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறதா என்று பார்க்கணும். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். ஒரு கை தானாக இறங்குகிறதா என்று பார்க்கணும். ஒரு வரி பேசச் சொன்னார். குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் வருகிறதா என்று பார்க்கணும். திடீரென்று தள்ளாடினாலும் கண் மங்கினாலும் அதே ஆபத்துதான், ஒன்று இருந்தாலும் நூற்றியெட்டுக்குப் போன் போடணும், படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று விடக்கூடாது என்றார். தெருவே கையைத் தூக்கிக்கொண்டு இளித்ததை அன்று சாயங்காலம் அவள் எனக்குச் செய்து காட்டினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"அண்ணே, அவரு மூஞ்சியப் பாரு. வாய் கோணிக்கினு கீதா?"

"மாஸ்க் போட்டுகினு கீறாரும்மா."

"அதக் கழட்டுண்ணே!"

ஓட்டுநர் என் முகக்கவசத்தை இழுத்தார். காவலாளி எட்டிப் பார்த்தார். "சிரிங்க சார்" என்றார் ஓட்டுநர். சிரித்தேன். "கைய தூக்குங்க." இரண்டையும் தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுதான் மேலே இருந்தது.

"ஆமாம்மா, கோணிக்கினு கீது. ஒரு கை எழும்பல."

"நூத்தியெட்டுக்கு அடி! தண்ணி கிண்ணி ஒண்ணும் குடுக்காத! நான் வரேன்!"

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஹெச்.ஆர். மேனேஜர் ஓடி வந்தார். "என்னாச்சு? இப்பதானே அருமையா இந்தி பேசினாரு?" என்றார். காவலாளி குழப்பத்தோடு, "சார், அது இந்தி இல்ல. அது தமிழ்" என்றார். ஓட்டுநர், "ரெண்டும் இல்ல" என்றார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து நான் பேசியது முழுக்க மற்றவருடைய மொழி என்று ஒவ்வொருவரும் நம்பியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. நான் அவர்களுக்கு விளக்கம் சொல்ல முயன்றேன். மேனேஜர், "தயவுசெஞ்சு பேசாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

யாரோ ஒருவர், "கைல இரும்பக் குடு, இரும்பக் குடு" என்று கத்தினார். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து கொடுக்கிற பழக்கம். எனக்கு வந்தது வலிப்பே இல்லை. வலிப்புக்கும் இரும்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் எங்கள் ஆலையில் இரும்புக்குப் பஞ்சமா? ஆளுக்கொரு துண்டு எடுத்து வந்தார்கள். ஒருவர் வெட்டிப்போட்ட கம்பியைக் கொண்டுவந்தார், ஒருவர் பழைய ரயில் போல்ட்டைக் கொண்டுவந்தார், இன்னொருவர் ஒரு முழ நீளக் கோணக் கம்பியை என் மடியில் வைத்தார். வலது கையில் எது வைத்தாலும் கீழே விழுந்தது. ஒன்று மேனேஜரின் காலில் விழுந்தது. பாதுகாப்பு பற்றி அரைமணி முன்பு நான் பேசியது யாருக்கும் புரியவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஆனால் உள்ளே வர முடியவில்லை. மேடைமேல் சூலூர்பேட்டை லாரி. அதன் எடையைப் பதிவு செய்யாமல் தடுப்புக் கட்டை எழும்பாது. கம்ப்யூட்டர் பூட்டிக் கிடந்தது. கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். ஸ்டோரில் வேலை செய்யும் அம்மா என் முன்னால் குனிந்து, "அண்ணே, பாஸ்வேர்டு இன்னா?" என்றார். தெளிவாகச் சொன்னேன். "இன்னொருதரம்?" இன்னொருதரமும் சொன்னேன். அவர் கேட்டபடியே அடித்துப் பார்த்தார். மேனேஜர், "ஸ்பெல்லிங் கேளுங்க" என்றார்.

ஓட்டுநருக்குப் பொறுமை போய்விட்டது. "எடயும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று வண்டியில் ஏறி, பின்னால் நின்ற லாரிகளை எல்லாம் அதட்டித் தெருவுக்குத் தள்ளி, தன் வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டி மேடையைக் காலி செய்தார். எடை போடாமல் சரக்கு வெளியே போகிறதே என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் லாரிக்குப் பின்னால் ஓடினார்.

ஆம்புலன்ஸில் வந்தது ஒரு பெண். வயது முப்பதுக்குள் இருக்கும். கட்டை எழும்பாது என்று தெரிந்ததும் அவர் ஸ்ட்ரெச்சரைக் கட்டைக்கு அடியில் நுழைத்து உள்ளே கொண்டுவந்துவிட்டார். அவரும் சிரிக்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், பேசச் சொன்னார். என்னைப் படுக்கவைத்து நாலு பேர் பிடித்துக்கொண்டு எடைமேடைமேல் தள்ளிக்கொண்டு போனோம். போனோம் என்றா எழுதினேன்? போனார்கள். நான் படுத்திருந்தேன். அப்போது தலைக்கு மேலே பலகையில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. பழக்க தோஷம், தள்ளிக்கொண்டு வந்த நாலு பேரும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மேனேஜரும் பார்த்தார். நானும் பார்த்தேன். "வெயிட்டு ஜாஸ்திதான்" என்றார் ஒருவர். ஆம்புலன்ஸ் பெண், "அப்புறம் பாக்கலாம், தள்ளுங்கய்யா!" என்று கத்தினார்.

மேனேஜர் கூடவே ஏறிக்கொண்டார். ஆலைக்கு வழக்கமான கிளினிக் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போகலாம் என்றார்.

"அங்க ஸ்கேன் கீதா சார்?"

"ஏசி இருக்கு."

அந்தப் பெண் ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் சென்னைப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, பக்கவாதம் வந்த ஆளைக் கொண்டுவருகிறோம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். பிறகு என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் சைரன். எனக்கு ஜன்னல் வழியாக வானம் மட்டும் தெரிந்தது. பேசக்கூடாது என்று இப்போது நானே முடிவு செய்திருந்தேன். பேசினால் எது வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை வராத பயம் அங்கேதான் வந்தது. கண்ணீர் காதுக்குள் போனது, துடைக்க வலது கையைக் கூப்பிட்டேன், அது வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்பதுதான். ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருந்தால் கரைக்க ஊசி உண்டு. பக்கவாதம் ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும், சீக்கிரம் போடப் போட நல்லது. அதனால் நேரம் தெரிந்தாக வேண்டும்.

மேனேஜர், "பாதுகாப்புப் பேச்சு முடியற வரைக்கும் ரொம்ப நல்லா இருந்தாரு டாக்டர்" என்று சொல்லி வீடியோவைக் காட்டினார். டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது என்ன மொழி?" என்றார். "இந்தின்னு... நெனச்சோம்" என்று மேனேஜரின் குரல் தேய்ந்தது. "இதுக்கு முன்னாடி எப்ப?" என்றார் டாக்டர்.

அந்த நேரம் மனைவி வந்து சேர்ந்தாள். மேனேஜர் போனில் இடம் சொல்லியிருந்தார், பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு காய்ந்திருந்தது.

"நாஷ்டா துன்னும்போது நல்லாத்தான் இருந்தாரு டாக்டர். சட்னில உப்பு இல்லன்னு சண்ட போட்டாரு."

"தெளிவா பேசினாரா?"

"ரொம்பத் தெளிவா. எங்கம்மாவையும் சேத்துப் பேசினாரு."

டாக்டர் அதையே கடைசியாக நன்றாக இருந்த நேரமாக எடுத்துக்கொண்டார். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்று தெரிந்தது. ஏறியிருந்த அழுத்தத்தை முதலில் இறக்கிவிட்டு ஊசியைப் போட்டார்கள். நேரம் இருந்தது. நிறைய இருந்தது என்று சொல்ல முடியாது.

மறுநாள் வலது கை விரல்கள் அசைந்தன. வார்த்தைகள்தான் தயங்கித் தயங்கி வந்தன. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா படங்களைக் காட்டிக் காட்டிப் பெயர் கேட்டார். தேங்காய்ப் படத்துக்கு லாரி என்றேன். நாற்காலிக்கும் லாரி. ஒரு பசு மாட்டை வெகுநேரம் யோசித்து, இந்த முறை விடக்கூடாது என்று உறுதியோடு, லாரி என்றேன். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் பயிற்சி. அவள் மாவு அரைத்துக்கொண்டே கரண்டி, சொம்பு, முறம் என்று எடுத்துக் காட்டுவாள். மாவுக்குக் காத்திருக்கும் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஆள் பையிலிருந்து கத்திரிக்காய், சோப்பு, செல்போன் சார்ஜர் என்று எடுத்து நீட்டி, "இது இன்னாண்ணே, சொல்லு" என்பார்கள். நான் சரியாகச் சொன்னால் கூச்சல். தவறாகச் சொன்னால் அதைவிடப் பெரிய கூச்சல். மாவு வியாபாரம் அந்த மாதம் நன்றாக நடந்தது.

மேனேஜர் ஒரு நாள் பழங்களோடு பார்க்க வந்தார். கூடவே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். சிறந்த பன்மொழிப் பேச்சாளர் என்று அதில் எழுதியிருந்தது. அன்று காலை பேச்சு முடிந்த கையோடு அச்சுக்குச் சொல்லியிருந்தாராம், நிறுத்த மறந்துவிட்டார். எறியவும் மனசில்லை, கொடுக்கவும் கூச்சம். அவரோடு வந்த ஒடிசா இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். அன்று என் பேச்சைக் கேட்டு, தமிழ் இவ்வளவு கஷ்டமான மொழி என்றால் இங்கே காலம் தள்ள முடியாது என்று அவர்களில் இரண்டு பேர் ஊருக்கே ரயில் ஏறிவிட்டார்களாம்.

அந்த வீடியோவை நான் பார்த்தது அதற்குப் பிறகுதான். மனைவி வேண்டாம் என்றாள், நான் வற்புறுத்தினேன். முதலில் சிரித்தேன். முகக்கவசத்துக்கு மேலே என் கண்களில் எவ்வளவு நம்பிக்கை! எவ்வளவு அக்கறையோடு விரலை ஆட்டுகிறேன்! வலது கை மட்டும் யாருடையதோ மாதிரி தொங்குகிறது. கைதட்டும் இடம் வந்ததும் நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். அத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எனக்குள் ஒரு பக்கம் அணைந்துகொண்டிருந்தது, எனக்கே தெரியவில்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இப்போது மாத்திரை தினமும். தலை வலித்தாலும் வலிக்காவிட்டாலும். நான் கொஞ்சம் முரண்டு பிடித்தால் மனைவி போனை எடுத்து வீடியோவைப் போட்டுவிடுவாள். "படாத்தி இல்லேன்னா சோம்லா" என்று என் குரல் அடுக்களையிலிருந்து கேட்கும். உடனே மாத்திரையை விழுங்கிவிடுவேன். சிகரெட் போயிற்று. அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் போயிற்று. சாயங்காலம் ஆற்றங்கரை வரை நடக்க வேண்டும், அவளும் கூட வருவாள். ஆலையில் வேலை இருக்கிறது, ஆனால் எடைமேடை இல்லை. முன்னால், பின்னால் என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் இன்னும் எனக்கு இடம் மாறி வருகின்றன. எடைமேடையில் அது சரிப்படாது. ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழுத்தம் பார்க்கப் போனோம். எனக்கு நன்றாக இருப்பதாகச் செவிலியர் சொன்னார். மனைவி நம்பவில்லை. இன்னொரு முறை பாருங்கள் என்றாள். பார்த்தார், அதே அளவு. மெஷின் சரியில்லை என்றாள். செவிலியர் அலுத்துப்போய், "அப்ப உங்களுக்குப் பாத்துடலாம், மெஷின் சரியா இல்லியான்னு தெரிஞ்சிடும்" என்று அவள் கையில் பட்டையைக் கட்டினார்.

காற்று இறங்கியது. செவிலியர் மீட்டரைப் பார்த்தார். மறு கையில் கட்டிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "உப்பு எவ்ளோக்கா சேத்துக்குவீங்க?" என்றார்.

எனக்கு உப்பில்லாமல் சமைத்துப் போட்டுவிட்டு, அவள் மட்டும் கிரைண்டருக்குப் பின்னால் ஊறுகாய் பாட்டில் வைத்திருந்தது அங்கேதான் வெளியே வந்தது. கருவாடும் இருந்ததாம், வாசனை தெரியாமல் இருக்க மாவு டப்பாவுக்குள். உனக்குத்தானே வியாதி, எனக்கென்ன என்று நினைத்தாளாம். திரும்பும்போது அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். எனக்கும் கோபம், ஊறுகாய்க்காக இல்லை. அன்று போனில் கிரைண்டர் சத்தம் நின்றதை நினைத்துக்கொண்டேன். அதை நிறுத்தி ஓடி வர அவள் இருந்தாள். அவளுக்கு ஒன்று என்றால் என் குழறலை யார் கேட்பார்கள், அவள் குழறலை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை இரண்டு தட்டிலும் உப்பில்லாத சட்னி. சுகாதார நிலையத்தில் அவளுக்கும் கொடுத்திருந்ததால், இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மாத்திரை. சாப்பிடும் முன் நான் அவள் எதிரே உட்கார்ந்து, "சிரிமே" என்றேன்.

"உன்னக் கட்டிக்கினதுக்கு இன்னா சிரிப்பு கேக்குது?" என்றாள்.

"ரெண்டு கையையும் தூக்கு."

தூக்கினாள். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. ஒரு கையில் கரண்டி இருந்தது. அதை வைத்து என்னை அடிக்க வந்தபோது வாய் இரண்டு பக்கமும் சமமாக விரிந்ததைப் பார்த்தேன். மாவு வாங்க வந்தவர்கள் வாசலில் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.